ஆண்டெனாவில் பதியாத மீன் எங்கே போனது?

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றிலும் அதன் பெரிய துணையாறான ஸ்னேக்கிலும் சால்மன் குஞ்சுகளின் வயிற்றுக்குள் பிட் டேக் (ஆண்டெனா அருகே வந்தால் தன் எண்ணைச் சொல்லும் சின்ன மின்னணு அடையாளம்) வைத்துப் பின்தொடரும் வேலை 1980-களில் தொடங்கியது. மாநில மீன்வளத் துறைகள், பழங்குடி மக்களின் மீன்வள அமைப்புகள், நோவா என்ற கூட்டரசு நிறுவனம், அணைகளை நடத்தும் ராணுவப் பொறியாளர் படை என்று யார் டேக் போட்டாலும் பதிவு பிடாகிஸ் என்ற ஒரே தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1987 முதல் இப்படிச் சேர்ந்துகொண்டே வருகிறது. மீன் நடமாட்டத்தை மின்னணுக் கருவி கொண்டு ஆராய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அந்தத் தரவில் ஒரு வரியை எடுத்துப் பார்த்தால் நான்கு விஷயங்கள் இருக்கும்: டேக்கின் எண், இடம், அந்த இடத்தில் எந்த ஆண்டெனா, எந்த நேரம். மீன் நலமாகக் கடந்ததா, அடிபட்டுக் கடந்ததா என்பது அதில் இருக்காது. ஒரு மீனுக்கு வரியே இல்லையென்றால் சிக்கல் இன்னும் பெரிது. அது செத்திருக்கலாம். உயிரோடு, ஆண்டெனா இல்லாத வழியில் போயிருக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாதவரை லட்சக்கணக்கில் டேக் போட்டாலும் மீனுக்கு ஒரு பயனும் இல்லை. கொலம்பியாவில் போட்ட உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பிரிப்புக்குத்தான் செலவாகியிருக்கிறது. நியாயமான செலவு.

ஐடஹோ மாநிலத்து மலையோடைகளில் பிறக்கும் குஞ்சு கடலுக்குப் போக எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். ஸ்னேக் ஆற்றில் லோயர் கிரானைட், லிட்டில் கூஸ், லோயர் மானுமென்டல், ஐஸ் ஹார்பர். கொலம்பியாவில் மெக்நேரி, ஜான் டே, தி டாலஸ், பான்வில். ரெட்ஃபிஷ் ஏரியின் சாக்ஐ சால்மன் வளர்ந்த பிறகு கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் எதிர்நீச்சல் அடித்து, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் ஏறி வந்து முட்டையிடும். 1991-இல் இந்த மீனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு ஆண் மீன். எந்த அணையில், எந்த வழியில், எத்தனை குஞ்சு சாகிறது என்ற கேள்விக்கு அங்கே அவ்வளவு அவசரம் இருந்தது.

பிட் டேக் என்பது 12.5 மி.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குப்பி. இரண்டு அரிசி மணிகளை நீளவாக்கில் சேர்த்துவைத்த அளவு. உள்ளே காந்தம் ஈர்க்கும் ஃபெரைட் என்ற பொருளாலான தண்டில் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு சிப். எடை சுமார் 0.1 கிராம். பேட்டரி கிடையாது. 134.2 கிலோஹெர்ட்ஸ் அலை வீசும் ஆண்டெனாவின் புலத்துக்குள் வரும்போது அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோகும் பேச்சே இல்லை. குஞ்சாக இறங்கிய மீன் மூன்று ஆண்டு கழித்துத் திரும்பும்போதும் அதே எண்ணைச் சொல்லும். விலையும் சில டாலர்தான். குறை என்னவென்றால், படிக்கும் தூரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. மீன் ஆண்டெனாவுக்குள் புகுந்தாக வேண்டும், அல்லது ஒட்டி நீந்த வேண்டும்.

டேக் போடும் மேசையிலேயே கணக்கு கெடத் தொடங்கிவிடும் என்பதால் அந்த வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தைய நாளே குஞ்சுகளுக்குத் தீனியை நிறுத்திவிடுவார்கள். வயிறு நிறைந்திருந்தால் ஊசி குடலில் இறங்கும். மயக்கத்துக்கு எம்.எஸ்.222 என்ற மருந்து, லிட்டருக்கு 80 முதல் 100 மில்லிகிராம். இது தண்ணீரை அமிலமாக்கும் என்பதால் சமையல் சோடாவைச் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் குஞ்சு சமநிலை இழந்து புரளும். அப்போதே எடுத்துவிட வேண்டும். மேசையில் இருப்பவர் கைவேகத்துக்கு மீறி மீனைத் தொட்டியில் கொட்டினால், கடைசியில் வரும் மீன்கள் பத்து நிமிடம் மருந்தில் கிடந்து செத்துப்போகும். ஒரு தடவைக்கு எத்தனை மீன் என்பதை மருந்தின் அளவைவிடக் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும்.

ஊசி 12 கேஜ். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் 70% எத்தனாலில் குறைந்தது 10 நிமிடம் ஊற வேண்டும். இல்லையென்றால் டேக் ஏற்றியே வரும் ஒருமுறை ஊசி. குஞ்சை மல்லாத்திப் பிடித்து, மார்புத் துடுப்புக்கும் இடுப்புத் துடுப்புக்கும் நடுவில், வயிற்றின் மையக்கோட்டிலிருந்து சற்றே தள்ளி, வால் பக்கம் சாய்த்துக் குத்துவார்கள். ஊசியின் சீவிய முனை மட்டும் உள்ளே போனால் போதும். சாய்வு குறைந்து நேராக இறங்கினால் மண்ணீரலோ குடலோ கிழியும். முனை மழுங்கிய ஊசி தோலை வெட்டாது, பிய்க்கும். அந்தப் புண் ஆறாமல் டேக் வெளியே நழுவிவிடும்.

போட்ட பிறகு காற்றூட்டிய தொட்டியில் ஒரு நாள் வைத்திருந்து, செத்த மீனையும் உதிர்ந்த டேக்கையும் எண்ணுவார்கள். உள்ளே ஃபெரைட் இருப்பதால் தொட்டித் தரையில் ஒரு காந்தத்தை இழுத்தாலே உதிர்ந்த டேக்குகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த எண்ணிக்கையைச் செய்யாமல் நேராக ஆற்றில் விட்டால், தொட்டியில் கிடக்கும் ஒவ்வொரு டேக்கும் ஆற்றில் செத்த மீனாகக் கணக்கில் ஏறும். தண்ணீர் 17, 18 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்துவதுதான் நல்லது.

மீனின் எடையில் 2%-க்கு மேல் டேக் கனக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் பழைய விதி. 3 கிராம் குஞ்சுக்கு 0.1 கிராம் டேக்கே அதைத் தாண்டும். பிட் டேக்கில் இந்த விதியைச் சற்றுத் தளர்த்தலாம் என்று காட்டிய சோதனைகள் உண்டு. ஆனாலும் 60 மி.மீ.-க்குக் குறைந்த குஞ்சுக்கு 12 மி.மீ. டேக்கைப் போடுவதில்லை. அதற்கென்று 8, 9 மி.மீ. டேக்குகள் இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் தூரம் இன்னும் குறைவு. ஆக, டேக் சுமக்கும் கூட்டம் எப்போதும் கொஞ்சம் பெரிய குஞ்சுகளின் கூட்டம். சின்னது எப்படிச் செத்தது என்பதை அது சொல்லாது.

ஆண்டெனா என்பது குழாயையோ ஓடுகாலையோ சுற்றிய கம்பி வளையம். டேக் வளையத்தின் ஊடே நேராகப் பாய்ந்தால் நன்றாகப் படிக்கும். வளையத்தின் தளத்துக்கு இணையாகக் கிடந்தால் படிக்காது. டேக் மீனின் உடம்புக்கு நீளவாக்கில் இருக்கிறது, மீன் பெரும்பாலும் நீரோட்டத்தின் திசையில் போகிறது, அதனால் குழாய்க்குள் இது ஒத்துவருகிறது. இரண்டு டேக்குகள் ஒரே நேரத்தில் வளையத்துக்குள் வந்தால் ஒன்றின் குரல் மற்றொன்றோடு மோதி இரண்டுமே பதியாமல் போகலாம். பண்ணைக் குஞ்சுகளைக் கூட்டமாகத் திறந்துவிடும் நாட்களில் இது கட்டாயம் நடக்கும். ஒரே குழாயில் அடுத்தடுத்து மூன்று நான்கு வளையங்கள் வைப்பது இதற்காகத்தான். பக்கத்தில் இரும்புக் கம்பி இருந்தால் புலத்தைத் தின்றுவிடும். பம்பு மோட்டார் கிளப்பும் மின்னிரைச்சல் டேக்கின் மெல்லிய குரலை மூழ்கடிக்கும். எந்த நிலையத்திலும் நான் முதலில் கேட்பது சோதனை டேக்கைத்தான்: குறிப்பிட்ட இடைவெளியில் தானாக விழித்துத் தன் எண்ணைச் சொல்லும் டேக் ஒன்று ஆண்டெனாவிலேயே பொருத்தியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஒரு இரவு முழுக்கப் பதிவே இல்லாதபோது, மீன் வரவில்லையா, மின்சாரம் போனதா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

இனி கணக்கு. விளக்குவதற்காக நானே எழுதிய எண்கள் இவை. லோயர் கிரானைட்டுக்குக் கீழே 1,000 குஞ்சுகளை விடுகிறோம். அடுத்த அணையான லிட்டில் கூஸில் 360 பதிகின்றன. மீதி 640-ம் செத்துவிட்டன என்று சொன்னால் அது பெரும் தவறு. கீழேயுள்ள மற்ற அணைகள் எல்லாம் சேர்ந்து 500 குஞ்சுகளைப் பதிவு செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த 500-ம் லிட்டில் கூஸை உயிரோடு தாண்டியவை, அதில் ஐயமில்லை. அவற்றில் லிட்டில் கூஸிலும் பதிந்தவை 200. ஆக, உயிரோடு தாண்டும் 100 மீனில் 40-ஐத்தான் லிட்டில் கூஸ் பிடிக்கிறது. அங்கே பதிந்த 360-ஐ 0.4-ஆல் வகுத்தால் 900. உயிரோடு வந்தது 90%. புள்ளியியலாளர்களான கோர்மக் 1964-இலும், ஜாலியும் சீபரும் 1965-இலும் தனித்தனியாக எழுதிய முறையின் உட்கரு இவ்வளவுதான்.

இதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: லிட்டில் கூஸில் பதிந்த மீனும் பதியாத மீனும் அதற்குப் பிறகு ஒரே மாதிரி பிழைக்கும் என்பது. ஆண்டெனா இருப்பது பைபாஸ் குழாயில். டர்பைன் வாயிலுள்ள சல்லடைகள் குஞ்சுகளை மேலே தள்ளி அந்தக் குழாய்க்குள் அனுப்புகின்றன. சிறிய, நலிந்த குஞ்சுகள் அந்த வழியில் அதிகம் போகின்றன என்றால் கணக்கு சாயும். இன்னொன்று, பைபாஸில் வந்த குஞ்சுகளில் ஒரு பகுதியைப் பார்ஜ் படகில் ஏற்றி, மீதி அணைகளைத் தாண்டி பான்வில்லுக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். படகேறிய மீனை அந்த இடத்தோடு கணக்கிலிருந்து கழற்றவில்லையென்றால் அதுவும் செத்ததாகவே தெரியும்.

குழாய்க்குள் வரும் மீனில் ஏறக்குறைய எல்லாம் பதிந்துவிடும். பதிவு விகிதம் குறைவதற்குக் காரணம், பெரும்பாலான மீன் குழாய்க்குள் வருவதே இல்லை என்பது. இங்கேதான் கொலம்பியாவின் கடினமான முரண் இருக்கிறது. டர்பைனைத் தவிர்த்து உபரிநீர் மதகு வழியாகக் குஞ்சுகளை அனுப்பினால் அவை பிழைப்பது கூடும் என்று டேக் தரவு காட்டியது. 2005-இல் நீதிமன்றமும் கோடையில் கூடுதல் நீரை மதகில் திறக்க உத்தரவிட்டது. 2019-க்குப் பிறகு வசந்தகாலத்தில் மேலும் கூட்டினார்கள். மீனுக்கு நல்லது. ஆனால் அப்போது மதகில் ஆண்டெனா இல்லை. மதகில் நீர் கூடக்கூட பைபாஸில் பதியும் மீன் குறைந்தது, பிழைப்பு மதிப்பீட்டின் பிழைவரம்பு அகன்றுகொண்டே போனது. எந்த நடவடிக்கை உதவுகிறதா என்று அளக்க வேண்டுமோ, அதே நடவடிக்கை அளவுகோலை மங்கலாக்கியது.

இதற்கு விடை மதகுக்கே ஆண்டெனா கொண்டுபோவது. பான்வில்லில் குஞ்சுகளுக்கான மேல்நீர்ப் பாதை ஒன்றில் 2006-இல், ஒரு பக்கம் ஐந்து மீட்டருக்கும் மேலான பெரிய ஆண்டெனாவைப் பொருத்தினார்கள். 2020-இல் லோயர் கிரானைட் அணையின் ஒரு மதகுக்கண்ணில், நீர் வழுக்கி இறங்கும் கான்கிரீட் வளைவுக்குள்ளேயே ஆண்டெனாக்களைப் பதித்தார்கள். பாய்ந்து போகும் மீனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் படித்தாக வேண்டும், அதுவும் இரும்புக் கதவுகளுக்கு அருகில். பொறியியலாக இது இந்தத் துறையின் பெரிய சாதனைகளில் ஒன்று. மற்ற அணைகளுக்கும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசி நிலையத்துக்கு வேறொரு தொல்லை. அதற்கும் கீழே யாரும் மீனைப் பார்க்கவில்லையென்றால், அங்கே பதியாத மீன் செத்ததா, தப்பியதா என்று கணக்கால் பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒரே பெருக்குத்தொகையாக ஒட்டிக்கொள்ளும். எனவே பான்வில்லின் பிழைப்பை அறிய அதற்கும் கீழே ஒரு காது வேண்டும். நோவா அதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது: பல ஆண்டுகள் கழிமுகப் பகுதியில் இரண்டு படகுகள் ஒரு பெரிய இழுவலையை இழுத்துவந்தன. வலையின் கடைசிப் பை திறந்தே இருக்கும், அந்த வாயில் ஆண்டெனா. குஞ்சு வலைக்குள் புகுந்து, எண்ணைச் சொல்லிவிட்டு, யார் கையும் படாமல் வெளியேறும்.

இன்னொரு காது பறவைத் தீவு. கழிமுகத்திலுள்ள ஈஸ்ட் சாண்ட் தீவில் காஸ்பியன் ஆலாக்கள் கூடு கட்டுகின்றன, நீர்க்காகங்களும் பெருங்கூட்டமாகக் கட்டிவந்தன. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருகிறதே, அதே இனத்து ஆலாதான் இது. குஞ்சைத் தின்ற பறவை டேக்கைக் கக்கியோ எச்சத்தோடோ போட்டுவிடும். கூடுகாலம் முடிந்து பறவைகள் கிளம்பியதும் ஆட்கள் ஆண்டெனாவோடு போய் மணலை வரிவரியாகத் துழாவுகிறார்கள். இங்கும் கிடைத்தது மட்டும் கணக்காகாது. எண் தெரிந்த டேக்குகளைக் கூடுகாலத்துக்கு முன்பும் நடுவிலும் தீவில் தூவிவைத்து, அவற்றில் எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று பார்க்க வேண்டும். பறவை தின்ற டேக் எல்லாம் தீவில் விழுவதும் இல்லை. டேக் வைத்த மீனைப் பறவைகளுக்கே தின்னக் கொடுத்துப் பார்த்ததில், ஆலா தின்றதில் சுமார் 70%, நீர்க்காகம் தின்றதில் சுமார் 50%, கடற்காகம் தின்றதில் 15% மட்டுமே கூட்டிடத்தில் விழுந்தன. இந்தத் திருத்தம் இல்லாமல் மூன்றையும் ஒப்பிட்டால் கடற்காகம் நிரபராதியாகிவிடும்.

இந்த வேலையின் பலனைக் கண்ணால் பார்க்கலாம். ஆற்றைத் தூர்வாரிய மணலால் உருவான ரைஸ் தீவில் 1990-களின் கடைசியில் ஆலாக்களின் உணவில் சுமார் நான்கில் மூன்று பங்கு சால்மன் குஞ்சாக இருந்தது. அவற்றைக் கடலுக்கு நெருக்கமான ஈஸ்ட் சாண்ட் தீவுக்கு நகர்த்தியதும் கடல்மீன் நிறையக் கிடைத்து, சால்மனின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. நீர்க்காகத்தில் நடந்தது நேர் எதிர். 2015 முதல் 2017 வரை அவற்றைச் சுட்டார்கள். கூட்டம் தீவைவிட்டுக் கலைந்து, ஆற்றில் இன்னும் மேலேயுள்ள அஸ்டோரியா–மெக்லர் பாலத்தில் குடியேறியது. அங்கே கடல்மீன் குறைவு, அதனால் பறவைக்கு இவ்வளவு என்று பார்த்தால் தின்னும் சால்மன் அதிகம். பாலத்திலிருந்து விழும் டேக் தண்ணீருக்குள் போய்விடுகிறது. எடுக்க வழியில்லை. தீவில் கிடைக்கும் நீர்க்காக டேக் குறைந்ததை வெற்றி என்று படித்தவர்கள் இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிட் டேக்கால் முடியாத இடத்தில் ஒலி டேக். ராணுவப் பொறியாளர் படை நோவாவோடும் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தோடும் சேர்ந்து உருவாக்கிய ஜேசாட்ஸ் முறையில் பேட்டரியுள்ள டேக் 416.7 கிலோஹெர்ட்ஸில் சில நொடிக்கு ஒருமுறை தன் எண்ணை ஒலிக்கும். ஊசியால் போடும் வகை 15 மி.மீ. நீளம், சுமார் 0.2 கிராம். அணை முகப்பில் வரிசையாகத் தொங்கும் நீரொலி வாங்கிகளுக்கு ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, குஞ்சு டர்பைனுக்குப் போனதா மதகுக்குப் போனதா என்று முப்பரிமாணத்தில் வரைந்துவிடலாம். 2008-இல் அணைகளுக்கு விதித்த இலக்கு, வசந்தகாலக் குஞ்சுகளில் அணைக்கு 96%, கோடைக்காலக் குஞ்சுகளில் 93% பிழைக்க வேண்டும் என்பது. அதை எட்டினார்களா என்று சோதித்தது இந்த டேக்குகளால்தான். விலை சில நூறு டாலர்.

இதற்கும் தனிக் குறைகள் உண்டு. பேட்டரி தீர்ந்த டேக் செத்த மீன் போலவே மௌனமாகும். எனவே ஒவ்வொரு தொகுதியிலும் சில டேக்குகளைத் தொட்டியிலேயே ஓடவிட்டு எந்த நாளில் எத்தனை நிற்கின்றன என்று குறித்துத் திருத்த வேண்டும். செத்த மீனின் டேக்கோ தொடர்ந்து ஒலித்தபடி நீரோட்டத்தில் மிதந்து அடுத்த வரிசையைத் தாண்டினால் உயிரோடு இருப்பதாகப் பதியும். அதற்காக டேக் வைத்த செத்த குஞ்சுகளையும் வேண்டுமென்றே விட்டு, எவ்வளவு தூரம் மிதக்கின்றன என்று பார்க்கிறார்கள்.

திரும்பி வரும் பெரிய மீன்களின் கதை வேறு. அவை அணையேறுவது பெரும்பாலும் மீன் ஏணி வழியாகத்தான், அதாவது மீன் ஏறிவர அணையோரம் படிப்படியாகக் கட்டிய நீர்வழி. ஏணியின் குறுகிய திறப்புகளில் ஆண்டெனா இருப்பதால் டேக்குள்ள மீன் ஏறக்குறைய முழுவதும் பதியும். ஒரே மீன் ஏணியில் இரண்டாம் முறை ஏறிப் பதிந்தால், இடையில் மதகு போன்ற ஏதோ ஒரு வழியே கீழே போயிருக்கிறது என்று பொருள். ஏணியின் கண்ணாடிச் சாளரத்தில் உட்கார்ந்து எண்ணுபவருக்கு அது இரண்டு மீன். பார்ஜில் போன குஞ்சுகள் பெரிதாகித் திரும்பும்போது வழிதவறி வேறு ஆறுகளுக்குள் போவது கூடுதல் என்று தெரிந்ததும் இந்தப் பதிவுகளால்தான்.

இங்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது டேக் உதிர்தல். முட்டையிடும் பெண் மீன் முட்டையோடு டேக்கையும் தள்ளிவிடும். கொலம்பியாவின் துணையாறான யாகிமாவில், சினூக் என்ற சால்மன் வகையின் பண்ணை மீன்களுக்குப் பிட் டேக்கோடு வேறு அடையாளமும் இட்டுச் செய்த ஆய்வில், திரும்பிவந்த மீன்களில் சராசரியாக 18% பிட் டேக்கை இழந்திருந்தன. இறங்கிய 100 குஞ்சுக்கு 2 முதல் 6 வரை திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. ஸ்னேக்கில் இயற்கையாகப் பிறக்கும் சினூக் பெரும்பாலான ஆண்டுகளில் 2-ஐக்கூடத் தொடுவதில்லை. இவ்வளவு சிறிய எண்ணில் 18% என்பதைத் தள்ளிவிட முடியாது.

ஏணியில் பதிவு முழுமையாக இருப்பதன் அருமை 2015 கோடையில் தெரிந்தது. ஜூன் கடைசிக்குள் ஆற்று நீர் 20 டிகிரியைத் தாண்டியது. பான்வில்லில் பதிந்த ஸ்னேக் சாக்ஐ மீன்களில் மிகச் சில மட்டுமே லோயர் கிரானைட்டில் பதிந்தன. பதிவாகாமல் நழுவுவது மிக அரிதான இடத்தில் பதிவு இல்லையென்றால் ஏறக்குறைய நிச்சயமாகப் பிடிபட்டிருக்க வேண்டும், குளிர்ந்த துணையாற்றில் ஒதுங்கியிருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் இழப்பு மிகப் பெரியது. குஞ்சாகப் பார்ஜில் போனவை இன்னும் மோசமாக இழந்தன. ஐடஹோ மீன்வளத் துறை பருவம் முடியும்வரை காத்திருக்கவில்லை. லோயர் கிரானைட் ஏணியிலேயே எஞ்சிய மீன்களைப் பிடித்து, லாரியில் ஈகிள் மீன் பண்ணைக்குக் கொண்டுபோனது. 2016-இல் அதே அணையில், ஏணியின் மேற்பகுதிக்கு ஆழத்துக் குளிர்நீரை எடுத்துவிடும் நிரந்தரக் குழாய்களைப் பொருத்தினார்கள். ஏணியின் மேல் நீர் அடி நீரைவிட ஒரு டிகிரி சூடானாலே மீன் ஏறத் தயங்கி நிற்கும் என்பதால், இப்போது வெப்பமானியும் ஆண்டெனாவும் அங்கே சேர்ந்தே வேலை செய்கின்றன.